பாடும் பராமரிப்பும்



சென்ற மாதம் திருவொற்றியூரிலிருந்து நம் இதழுக்கு ஓர் இன்லேண்ட் கடிதம் வந்தது. இன்லேண்டில் எழுதுகிற வாசகர்கள் இன்னும் ஏழெட்டுப் பேராவது நமக்கு இருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு. இந்தக் கடிதம் அந்தச் சந்தோஷத்தைத் தரவில்லை. படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் மறுபடி எடுத்தேன்.

எழுதியவர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. பெயரும் ஆலையும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பல வருடங்களுக்கு முன் ஒரு நாள், மகளுக்குக் காய்ச்சல் என்று நைட் ஷிப்டை நண்பரோடு மாற்றிக்கொண்டாராம். அன்று இரவு நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. இவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நண்பர் நின்றிருந்தார். உயிர் தப்பியது, ஒரு கண்ணும் வலது கையும் போயின. அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி நேரத்தில் நம் வாசகர் எழுந்து, கர்த்தர் தன்னை எவ்வளவு அதிசயமாய்க் காத்தார் என்று கண்ணீரோடு சொன்னார். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உட்காரத் திரும்பியபோதுதான் பார்த்தார். பின்வரிசையில் நண்பரின் மனைவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் சாட்சி சொன்னதே இல்லை. அது கர்த்தர் செய்ததா, வெறும் அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம் என்ற வார்த்தையைக் கிறிஸ்தவன் வாயால் சொல்லக் கூடாது என்கிறார் எங்கள் பாஸ்டர். அப்படியானால் நான் எந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும்?"

டிசம்பர் இதழின் இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதுவேன். இம்முறை இவருக்குத்தான் பதில். வாழ்த்து கோபித்துக்கொள்ளாது.

முதலில் வார்த்தை. அதிர்ஷ்டம் என்றால் வடமொழியில் 'காணப்படாதது' என்றுதான் பொருள். கண்ணுக்குத் தெரியாத காரணம், அவ்வளவே. அதைச் சொன்னதற்காக ஒருவரை நரகத்துக்கு அனுப்ப முடியாது. ஆனாலும் அதன் மேல் நமக்கு ஒரு கூச்சம். பக்கத்து வீட்டுக்காரர் 'யோகம் அடிச்சிருக்கு' என்றால் நாம் 'கிருபை' என்கிறோம். ராயபுரத்தில் ஆட்டோக்களின் முதுகைப் படித்துக்கொண்டே போனால் யார் எந்த வார்த்தைக்காரர் என்று தெரிந்துவிடும். இந்தக் கூச்சம் பழையது. புனித அகுஸ்தீன் எழுபது வயது தாண்டி, தான் எழுதிய நூல்களையெல்லாம் மறுபடி எடுத்துப் பிழை பார்த்தார். இளவயதில் 'ஃபார்ச்சூனா' என்ற அதிர்ஷ்டத் தேவதையின் பெயரை அத்தனை முறை எழுதியிருக்க வேண்டாம் என்று அதில் வருத்தப்பட்டிருக்கிறார். பழைய இதழைப் புரட்டிப் பார்த்துத் தலையில் கைவைக்கிற ஆசிரியர்களுக்கு அவர் ரொம்ப வேண்டியவர்.

ஆனால் வேதாகமத்துக்கு நம் அளவு கூச்சம் இல்லை. நம் தமிழ் வேதாகமத்தில் 'தற்செயலாய்' என்ற சொல் இருக்கிறது. கதிர் பொறுக்கப் போன ரூத், போவாசின் வயலில் கால் வைத்தது தற்செயலாய். எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் கண்டதும் தற்செயலாய். சொல் ஒன்றுதான். போவாஸ் தன் ஆட்களிடம், அவளுக்கென்று கொஞ்சம் கதிரை விட்டுவைக்கச் சொன்னார். அந்த வயலிலிருந்து தாவீதின் வம்சம் முளைத்தது. ஆசாரியன் விலகிப் போனான். தற்செயல் இருவரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. அப்புறம் நடந்தது அவரவர் பாடு.

சீட்டுப் போடுவதும் அப்படித்தான். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தது சீட்டு. சிலுவையின் அடியில் இயேசுவின் அங்கிக்குச் சிப்பாய்கள் போட்டதும் சீட்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் கூடி வாழ்ந்த மொராவியர்கள் 1731 முதல் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டெடுத்த ஒரு வசனத்தைப் புத்தகமாக அச்சிட்டார்கள்; கல்யாணத்தைக்கூடச் சீட்டில் தீர்மானித்தார்கள். அவர்களில் ஒரு குழு 1760ல் நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுத் தங்கியது. சிரிக்க வேண்டாம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டைப் பெட்டிக்குள் கைவிடும்போது நம் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது? வந்த வசனம் கொஞ்சம் கடுமையாக இருந்தால், யாரும் பார்க்காதபோது அதைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரியும், நானே எடுத்திருக்கிறேன். லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாடு 2003ல் தடை செய்தது. இந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை.

வார்த்தைக் கணக்கு இதோடு போதும். காசிமேட்டுக்கு வாருங்கள்.

மீன்பிடித் துறைமுகத்தில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வருடக் கடல் அனுபவம். அவரிடம், "உங்களுக்கு அதிர்ஷ்டத்துல நம்பிக்கை உண்டா?" என்று கேட்டேன். வலைக் கண்ணிலிருந்து கையை எடுக்காமலே, "பாடு கெடைச்சா பட்ட பாடு மறந்துடும் தம்பி" என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லாததுபோல் இருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. கடற்கரையில் வலையில் கிடைத்த மீனைப் 'பாடு' என்பார்கள். நாம் கஷ்டத்தைப் 'பாடு' என்கிறோம். ஆண்டவர் பட்டதையும் தவக்காலத்தில் 'திருப்பாடுகள்' என்கிறோம். கிடைத்ததற்கும் பட்டதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற ஒரு மொழியில் உட்கார்ந்துகொண்டு, எது கிருபை எது விதி என்று நான் அவரிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கரையில் பேதுருவுக்கு ராயப்பர் என்று பெயர். ராயபுரம் என்ற பெயரே அவரிடமிருந்து வந்ததுதான் என்பது ஊர்க்காரர்களின் உறுதி. இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்தவர் அவர். அதே வலை கிழியக் கிழிய மீன் கண்டவரும் அவரே. 1829ல் கட்டி முடித்த ராயப்பர் கோவிலுக்குப் பணம் வந்தது படகுக்காரர்களின் கூலியில் சேர்ந்த நிதியிலிருந்து. மதராசுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போடும். மூன்று வரிசை அலையைத் தாண்டிச் சரக்கையும் துரைகளையும் கரைசேர்த்தது மசூலாப் படகு. அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் விறைத்துக்கொண்டு நின்று உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆனால் கயிறு உப்பில் இற்றுப்போகும். பிரித்து, மறுபடி தைக்க வேண்டும். தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தையலை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

நம் வாசகரின் கேள்விக்கு இறையியல் பாடநூலில் பதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஓர் உவமை சொன்னார். எஜமான் இரண்டு வேலைக்காரர்களை ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரை ஒரே இடத்துக்கு அனுப்புகிறார். இருவரும் அங்கே எதிர்ப்படுகிறார்கள். அவர்களுக்கு அது தற்செயல், எஜமானுக்கு ஏற்பாடு. அழகான உவமை. வகுப்பறையில் நன்றாக நிற்கும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 'அப்படியானால் என் வீட்டுக்காரரை அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் அனுப்பியது யார்?' என்று அவர் கேட்டால் அக்குவினாஸுக்கு எப்படியோ, எனக்கு வாய் அடைத்துவிடும்.

இயேசுவின் முன்பும் ஒருமுறை இந்தக் கேள்வி வந்தது. லூக்கா 13ஆம் அதிகாரம். எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்திருந்தார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசுவே கேட்டார். இல்லை என்று அவரே ஒரே போடாகப் போட்டார். அதோடு பேச்சை, நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்பினார்: மனந்திரும்ப வேண்டியது நீங்கள். செத்தவர்களைப் பற்றிய கேள்வியை உயிரோடு இருக்கிறவர்களின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நமக்கும் சீலோவாம் உண்டு, தூரத்தில் இல்லை. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி, எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அசாமிலிருந்து வந்த பிள்ளைகள். அந்த வாரம் நான் கேட்ட பேச்சுகளில் 'விதி' இருந்தது, 'நேரம்' இருந்தது, 'ஆண்டவர் சித்தம்' இருந்தது. முட்டுகளை யார் சோதித்துக் கையெழுத்துப் போட்டார் என்ற பேச்சைக் குறைவாகத்தான் கேட்டேன். கோபுரம் ஏன் விழுந்தது என்று கேட்பதும் மனந்திரும்புதலின் ஒரு பகுதி என்றுதான் நான் அந்த அதிகாரத்தை இப்போது வாசிக்கிறேன்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் போனார்கள். அதற்கப்புறம் சாந்தோம் தூணின் கதை ஊரெல்லாம் பேசப்பட்டது. கடல் இதைத் தாண்டாது என்று சொல்லிப் புனித தோமையார் நட்ட மரம் என்று நம்பப்படுகிற தூண். அன்று தண்ணீர் கோவிலுக்குள் வரவில்லை. வேளாங்கண்ணியிலும் பேராலயம் தப்பியது என்றார்கள். நன்றி சொன்னவர்களை நான் குறைசொல்லவில்லை. கோவிலுக்குள் ஓடிவந்து பிழைத்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் வேளாங்கண்ணிக் கடற்கரையில் செத்த நூற்றுக்கணக்கானோரில் எத்தனையோ பேர் மாதாவைப் பார்க்க வந்தவர்கள். தூண் நின்ற சாட்சியைச் சொல்லும்போது நம் குரல் கொஞ்சம் இறங்க வேண்டும். பின்வரிசை அங்கேயும் இருக்கிறது.

உயர்வுக் கதைகளிலும் பின்வரிசை இருக்கிறது. திருவொற்றியூரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று: திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி 1938ல் மூடப்பட்டது, அதை நடத்திய சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் தலைவர் சிறைக்குப் போனார். அவர் மகன் மாம்மன் மாப்பிள்ளை 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டுப் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆனது. பிரசங்கிகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உழைப்பு, விசுவாசம் எல்லாம் உண்மை. அந்த வங்கியில் பணம் போட்டிருந்தவர்களும் உண்மை. அதே வருடங்களில் இதே ஊரில் கொட்டகை போட்டு, ஜெபித்து, உழைத்து, பூட்டிவிட்டுப் போனவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி மணல் கதை. வடசென்னைக்காரர் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன்.

நம் கடற்கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். யுகயுகமாக அது செய்கிற வேலை. 1875ல் துறைமுக வேலை தொடங்கி, கல்லைக் கொட்டிக் கடலுக்குள் கைகளை நீட்டினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்தது. விடாமல் மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கியது. கரை அகலமாகிக்கொண்டே போனது. ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, மெரினா என்று பெயர் வைத்தார். மணல் வராத வடக்கே கடல் தின்னத் தொடங்கியது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை தெருக்கள் போயின, வீடுகள் போயின, கோவில்கள் போயின. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் கடலுக்கும் நமக்கும் நடுவே கருங்கல் குவியல்தான். தூண்டில் வளைவு போட்ட இடங்களில் கொஞ்சம் மணல் சேர்கிறது. வளைவு முடிகிற இடத்துக்கு வடக்கே இருப்பவருக்கு அரிப்பு கூடுகிறது.

மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர், நமக்கு எவ்வளவு பெரிய பீச் கிடைத்திருக்கிறது, அதிர்ஷ்டம்தான் என்று நினைக்கலாம். கடலில் வீடு போன குப்பத்துப் பாட்டி, என் தலையெழுத்து என்று சொல்லலாம். இரண்டும் ஒரே மணல். நடுவில் ஒரு பொறியியல் முடிவு. 'காணப்படாதது' என்ற பொருளில் இது சரியான அதிர்ஷ்டம்தான். கொஞ்சம் வடக்கே நடந்து வந்து பார்த்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று அவசரமாகச் சொல்வதை நான் நம்புவதில்லை. அவிசுவாசி என்று எழுதிவிடாதீர்கள். ஆண்டவரின் பெயரில் எழுதக் கூடாத செலவுகளை அவர் கணக்கில் எழுதுகிறோம் என்பதுதான் என் குறை.

இதற்கு நம் மொழியே ஒரு வழி வைத்திருக்கிறது. உலகத்தைக் கடவுள் நடத்திச் செல்வதை லத்தீனில் சொல்கிற சொல்லுக்கு 'முன்கூட்டிப் பார்ப்பது' என்று பொருள். தமிழில் அதை 'முன்பார்வை' என்று பெயர்க்காமல் 'இறைப் பராமரிப்பு' என்றார்கள். யார் முதலில் சொன்னாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பராமரிப்பு என்ற சொல்லை ஆலைப் பகுதியில் எல்லாரும் வேறு இடத்தில்தான் தினமும் கேட்கிறோம். மின்வாரிய அறிவிப்பில், 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக'. ஆலையில், வருடாந்திரப் பராமரிப்புக்காக ஷட்டவுன். ஒருமுறை நம் இதழில் 'இறைப் பராமரிப்பு' என்று கட்டுரைத் தலைப்பு வந்தபோது, பக்கம் அமைக்கிற பையன் எட்டிப் பார்த்து, "சார், எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டான். அன்று சிரித்தேன். இன்று அவன் கேட்டது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை.

மறுபடி ஒரு டிசம்பர் 26. இது 2023. சுனாமி நினைவுநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் படுத்த கரை. மூன்று வாரத்துக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வந்து, எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்திருந்தது. நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. கப்பலிலிருந்து ஆலைக்கு வருகிற கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. ஒருவர் கதவை ஒருவர் தட்டினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த இரவு உயிர் போகவில்லை. 'கர்த்தர் காத்தார்' என்றார்கள். நானும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் புயலில் நகர்ந்த பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆராய்ந்த குழு சொன்னது. புயலுக்கும் கசிவுக்கும் நடுவே மூன்று வாரம் இருந்தது. ஒருவர் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வர மூன்று வாரம் போதாதா?

மசூலாப் படகைத் தைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அவர்கள் ராயப்பரை நம்பினார்கள், கயிற்றையும் பார்த்தார்கள். கயிற்றைப் பார்க்காமல் ராயப்பரை மட்டும் நம்பிய படகு கரைக்கு வந்திருக்காது, கோவிலுக்குக் கூலியில் பங்கும் வந்திருக்காது. கடவுளின் பராமரிப்பு நம் மேல் வந்து இறங்குகிற இடங்களில் ஒன்று, வால்வைத் திறந்து பார்க்கிற பிட்டரின் கை. நள்ளிரவில் பக்கத்துக் கதவைத் தட்டிய கை இன்னொன்று. போவாஸ் விட்டுவைத்த கதிர் மற்றொன்று. ஊருக்கு மேலே எங்கோ ஒரு சக்கரம் சுற்றி, ஒருவனைத் தூக்கி ஒருவனை நசுக்குகிறது என்ற படத்தை நான் வேதாகமத்தில் பார்க்கவில்லை. இரண்டு காசுக்கு ஐந்து என்று விற்கிற குருவியில் ஒன்றைக்கூடத் தேவன் மறப்பதில்லை என்றுதான் அங்கே இருக்கிறது. குருவி விழாது என்று இல்லை.

திருவொற்றியூர் அண்ணனுக்கு,

நீங்கள் கேட்ட வார்த்தை என்னிடம் இல்லை. அன்று நீங்கள் சொன்ன நன்றி பொய்யில்லை. மகளின் காய்ச்சல், ஷிப்ட் மாற்றம், குழாய் எல்லாம் எந்த ஏட்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாஸ்டருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் நண்பரின் கையையும் கண்ணையும் ஆண்டவர் கேட்டு வாங்கவில்லை. பார்க்காமல் விட்ட ஒரு குழாய் வாங்கிக்கொண்டது. இதை நான் துணிந்து சொல்வேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், மூலையில், சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்: அவர் இப்போதும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், நான் போனதில்லை என்று. சாட்சி சொல்ல மறுபடி எழுந்திருக்க வேண்டாம் அண்ணே. கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்ததும், கேக்கை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு தெருவை நடந்துவிடுங்கள். அந்த அம்மா கதவைத் திறக்காமலும் போகலாம். அப்படியானால் புத்தாண்டுக்கு மறுபடி போங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணூர், திருவொற்றியூர், மணலி, காசிமேட்டுக்காரர்களே, உங்கள் தெருவில் ஆபத்துக் காலத்தில் ஒலிக்கும் சைரன் உண்டா, அது கடைசியாக எப்போது ஒலித்தது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாராவது வந்து சொல்லியிருக்கிறார்களா என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். ஜனவரி இதழில் வாக்குத்தத்த வசனத்துக்கு ஒதுக்குகிற பக்கத்தை உங்கள் பதில்களுக்கு வைத்திருக்கிறேன். டிசம்பர் 20க்குள் வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்